பிறந்த குழந்தையின் கண்ணில் புரை: பெற்றோர் செய்ய வேண்டியவை

முதியவர்களின் கண்புரையைச் சில மாதங்கள் தள்ளி அறுவை செய்தாலும் பெரும்பாலும் பழைய பார்வை திரும்பிவிடும். பிறந்த குழந்தைக்கு அந்த அவகாசம் கிடையாது. கண் வழியே வரும் தெளிவான காட்சிகளைக் கொண்டுதான் மூளை பார்க்கவே பழகுகிறது. பூனைக்குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்த புதிதில் மூடிவைத்தால், பின்னர் திறந்துவிட்டாலும் மூளை அந்தக் கண்ணைப் பொருட்படுத்துவதில்லை என்று ஹியூபெல், வீசல் என்னும் அறிஞர்கள் காட்டினர். பார்வை குறித்த ஆய்வுகளுக்காக இருவரும் 1981இல் நோபல் பரிசு பெற்றனர். ஆகவே அடர்த்தியான புரை ஒரு கண்ணில் மட்டும் இருந்தால் ஏறத்தாழ 6 வாரத்துக்குள்ளும், இரு கண்களிலும் இருந்தால் ஏறத்தாழ 8 வாரத்துக்குள்ளும் அகற்றிவிடுவதே நல்லது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் பல வீடுகளில் 28ஆம் நாள் இடுப்பில் நூல் கட்டும் நூல்கட்டுச் சடங்கு முடியட்டும், 40 நாள் கழியட்டும் என்று குழந்தையை வெளியே எடுக்காமல் வைத்திருப்பார்கள். கண்ணில் ஐயம் இருந்தால் இந்த வழக்கத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

குழந்தை விழித்திருக்கும்போது சன்னலோரம் மடியில் கிடத்தி, இரு கண்களின் பாப்பாவையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கறுப்பாக இருக்க வேண்டிய இடம் வெண்மையாகவோ சாம்பல் நிறமாகவோ தெரிந்தால், அல்லது ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் ஒரு கண் மட்டும் வெளுத்திருந்தால், அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். சற்று வளர்ந்த குழந்தையின் ஒரு கண்ணை உள்ளங்கையால் மறைக்கும்போது அது பேசாமல் இருந்து, மறு கண்ணை மறைத்ததும் சிணங்கிக் கையைத் தட்டிவிட்டால், முதலில் மறைத்த கண்ணில் பார்வை குறைவாக இருக்கலாம். மாறுகண் அதிர்ஷ்டம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அது புரையின் அடையாளமாகவும் இருக்கக்கூடும். தேனோ தாய்ப்பாலோ கண்ணில் விடவே வேண்டாம். புரை கண்ணுக்குள் இருக்கும் லென்ஸில் இருக்கிறது, எந்தச் சொட்டு மருந்தாலும் கரையாது.

பிரசவ மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன்பே, குழந்தையின் கண்ணில் ஒளி பாய்ச்சிச் சிவப்பு எதிரொளியைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் காட்டலாம். குழந்தைகளுக்கான கண் அறுவைக்கும் மயக்க மருந்துக்கும் தனித் தேர்ச்சி வேண்டும் என்பதால், திருநெல்வேலிக்கோ திருவனந்தபுரத்துக்கோ அனுப்பினால் அந்த வாரத்திலேயே புறப்படுங்கள். குழந்தைகள் நலனுக்கான அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில் பிறவிக் கண்புரையும் அடங்கும். செலவு குறித்து மருத்துவமனையிலேயே விசாரியுங்கள்.

அறுவை பாதி வேலைதான். மீதி வீட்டில் நடக்க வேண்டும், அதில்தான் பலர் தளர்ந்துபோகிறார்கள். லென்ஸை அகற்றிய கண்ணுக்குக் கண்ணாடியோ கான்டாக்ட் லென்ஸோ தருவார்கள். சிசுக்களுக்குக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைப்பதைப் பெரும்பாலும் தள்ளிப்போடுவார்கள். ஒரு கண்ணில் மட்டும் புரை இருந்திருந்தால், அந்தக் கண் மூளை பொருட்படுத்தாத சோம்பேறிக் கண்ணாக நின்றுவிடாதிருக்க, நல்ல கண்ணில் மருத்துவர் சொன்ன நேரம் பேட்ச் என்னும் மறைப்பை ஒட்ட வேண்டும். அதைக் கண்ணாடியின் மேல் ஒட்டினால் குழந்தை இடுக்கு வழியே எட்டிப் பார்க்கும். தோலின் மேலேயே ஒட்டுங்கள். ஒட்டிய நேரத்தில் தூங்கவிடாமல், நிறம் பளிச்சென்ற பொம்மையைக் காட்டி விளையாட்டுக் காட்டுங்கள். சொன்ன நேரத்துக்கு மேல் ஒட்டினால் நல்ல கண் மங்கக்கூடும்.

கண்ணாடியின் பவர் வளர வளர மாறும். கிளாக்கோமா எனப்படும் கண் அழுத்த நோய் அறுவை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் வரலாம் என்பதால், பிள்ளை பள்ளி முடித்த பிறகும் ஆண்டுதோறும் கண் அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும்.