கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்கு இரவுக் கப்பல்: முதல்முறை போகிறவர்களுக்கு

டிக்கெட் எடுப்பது, கப்பல் நேரம் பார்ப்பது எல்லாம் நீங்களே செய்துகொள்வீர்கள். கொச்சி வெலிங்டன் தீவில் ஏறியதிலிருந்து மறுநாள் தீவில் கால் வைக்கும் வரையான 14 முதல் 18 மணி நேரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1. அனுமதி. இந்தியர்களுக்கும் நுழைவு அனுமதி கட்டாயம். போலீஸ் சரிபார்ப்புச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பத்தை ஆரம்பியுங்கள். அனுமதி வந்த பிறகு லீவு போடுங்கள்.

2. வகுப்பு. முதல் வகுப்பில் இரண்டு பேர் அறை, இரண்டாம் வகுப்பில் நான்கு பேர் அறை, அப்புறம் வரிசையாகப் படுக்கைகள் போட்ட பங்க் வகுப்பு. ஓர் இரவுக்கு பங்க் போதும் என்பது என் கட்சி. காசுக்காக மட்டும் சொல்லவில்லை. கப்பல் ஆடும்போது மேல்தளம்தான் அதிகம் ஆடும். பங்க் கீழே இருப்பதால் வயிறு கொஞ்சம் தப்பிக்கும். ஏசி குளிர் மட்டும் எலும்பு வரை போகும். போர்வை கொண்டு போங்கள்.

3. மாத்திரை. ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவில், சீன வலைகளைப் பார்த்தபடி போகும்வரை கப்பல் அசையாது. "இதற்கா பயந்தோம்" என்று தோன்றும். முகத்துவாரம் தாண்டியதும் ஆட்டம் தொடங்கும். குமட்டல் வந்தபின் விழுங்கும் மாத்திரை வயிற்றில் நிற்காது. அவோமின் மாதிரி மாத்திரையை ஏறுவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பே போடவேண்டும். தூக்கம் வரும், வரட்டும். வேறு மருந்து சாப்பிடுகிறவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். இட்லி போதும், பிரியாணி வேண்டாம்.

4. இரவு. கரை மறைந்து கொஞ்ச நேரத்தில் போன் சிக்னல் போய்விடும். வீட்டுக்குச் சொல்லவேண்டியதை முன்பே சொல்லிவிடுங்கள். வானம் தெளிவாக இருந்தால் மேல்தளத்தில் வலப்பக்கம் நில்லுங்கள். கப்பல் மேற்கே போவதால் அதுதான் வடக்கு. கையை நீட்டி முஷ்டியைக் கடல்விளிம்பில் வையுங்கள். அதற்குச் சற்று மேலே துருவ நட்சத்திரம் இருக்கும். இங்கே அட்சரேகை சுமார் 10 பாகை என்பதால் அது அவ்வளவு தாழ்வு.

5. படகுக்கு மாறுவது. பவளப்பாறை சூழ்ந்த காயலுக்குள் பெரிய கப்பல் நுழைய முடியாது. சில தீவுகளில் கடல் அமைதியாக இருந்தால் கப்பல் ஜெட்டியிலேயே அணையும். இல்லாவிட்டால் வெளியே நங்கூரம்தான். பக்கவாட்டுக் கதவைத் திறப்பார்கள், கீழே படகு வந்து ஒட்டும். கதவு அசையாது, படகு ஆளுயரத்துக்குக்கூட ஏறி இறங்கும். இரண்டு பக்கமும் மாலுமிகள் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

கவனியுங்கள்: படகு உச்சிக்கு வந்ததும் ஒரு நொடி நின்றமாதிரி இருக்கும். அப்போது காலை எடுத்து வையுங்கள், குதிக்க வேண்டாம். இறங்கும் படகில் கால் வைத்தால் அது உங்களுக்குக் கீழே நழுவும். மாலுமி "வா" என்றால் போங்கள், "நில்" என்றால் கால் தூக்கியிருந்தாலும் நில்லுங்கள். கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் கை வைக்கவே கூடாது, விரல் நசுங்கும்.

இதனால்தான் டிராலி பெட்டி வேண்டவே வேண்டாம் என்கிறேன். முதுகுப்பைதான் சரி, அதையும் முதலில் கொடுத்துவிட்டு இரண்டு கையும் காலியாக இறங்குங்கள். காலில் வார் வைத்த செருப்பு. போன் ஜிப் போட்ட பைக்குள்.

பின்சேர்க்கை: வயதானவர்களைக் கூட்டிப் போகலாமா என்று பலர் கேட்டுவிட்டீர்கள். முழங்கால் வலி இருந்தால் படகு மாறுவது கஷ்டம். அவர்களுக்கு கொச்சியிலிருந்து அகத்திக்கு விமானம் இருக்கிறது. மே நடுவிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் கடலில் முதல் பயணம் யாருக்குமே வேண்டாம். இன்னொன்று, திரும்பும்போது படகிலிருந்து கப்பலுக்கு ஏறுவதும் அதே உச்சி நொடியில்தான். பவளத் துண்டு எதையும் பையில் போடாதீர்கள், அது சட்டப்படி குற்றம்.