பழைய மைக்ரோடிப் பென்சில் வாங்குமுன் மூக்கைக் கழற்றிப் பாருங்கள்

உற்பத்தி நின்றுபோன பென்சிலுக்கு உதிரி பாகம் கிடைக்காது. அதனால் உடம்பின் பளபளப்பைவிட உள்ளே லெட்டைக் கவ்விப் பிடித்துத் தள்ளும் சக் முக்கியம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போகும்போது 0.5 எச்பி லெட் டப்பா ஒன்றும் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்றும் பையில் இருக்கட்டும். பாரிமுனைப் பக்கத்து ஸ்டேஷனரி கடைகளில் "மைக்ரோடிப் இருக்கா" என்றால் புதுசைத்தான் எடுத்து நீட்டுவார்கள். "டிராஃப்டிங் பென்சில், பழைய ஸ்டாக் மேல கிடக்குதாண்ணே?" என்று கேளுங்கள். வரைபடம் போடும் பென்சில் அது.

லெட் போட்டுப் பத்துத் தடவை அழுத்துங்கள். சுமார் 5 முதல் 8 மி.மீ. வெளியே வர வேண்டும். இனி பட்டனை அழுத்திப் பிடித்தபடி பென்சிலை நேர் கீழாகப் பிடியுங்கள். லெட் சரசரவென்று வழுக்கி விழுந்தால், மூக்குக்குள், அதாவது கழற்றக்கூடிய நுனிக் கூம்புக்குள், லெட்டைப் பிடித்திருக்கும் குட்டி ரப்பர் வளையம் காய்ந்து போயிருக்கிறது. எழுதலாம், ஆனால் விலையைக் குறைத்துப் பேசுங்கள். பட்டனை விட்டுவிட்டு நுனியைக் காகிதத்தில் ஊன்றும்போது லெட் உள்ளே போனால்தான் கவலை. பெரும்பாலும் சக்கின் மூன்று தாடைகளுக்கு நடுவே கரித்தூள் அடைத்திருக்கும், கழுவினால் சரியாகிவிடும். சக்கைச் சுற்றிய பித்தளை வளையமே காணவில்லை என்றால் வாங்காதீர்கள். யாரோ எப்போதோ மூக்கைக் கழற்றியபோது உருண்டு ஓடியிருக்கும். டிராஃப்டிங் பென்சிலின் மெல்லிய குழாய் சுமார் 4 மி.மீ. நீளம். ஒருமுறை தரையில் விழுந்தாலே வளையும். விரலில் உருட்டி, நுனி வட்டம் போடுகிறதா என்று லென்ஸில் பாருங்கள்.

ஃபேபர்-காஸ்டெல் டிகே-மேட்டிக் போன்ற தானியங்கி மாடலுக்குச் சோதனை வேறு: ஒருமுறை கிளிக் செய்துவிட்டு இரண்டு வரி எழுதுங்கள். மறுபடி அழுத்தாமலே லெட் வந்துகொண்டே இருக்க வேண்டும். ரோட்ரிங் 600 எதிர்ப்பட்டால், எந்த நாட்டில் செய்தது என்று உடம்பில் உள்ள எழுத்தைப் படியுங்கள். இன்று புதிதாக விற்பவை ஜப்பானில் செய்தவை.

குழாயில் உடைந்த லெட் சிக்கியிருந்தால் தையல் ஊசியைக் குத்தாதீர்கள். ஊசி போகப் போகப் பருக்கும், குழாய் வாய் விரிந்துவிடும். கிட்டார் கடையில் 0.016 இன்ச் வெறும் எஃகுத் தந்தி வாங்குங்கள். அது 0.4 மி.மீ. மூக்கைக் கழற்றி, நுனிப் பக்கமிருந்து பின்னோக்கித் தள்ளுங்கள். கழற்றும்போது கீழே ஒரு வெள்ளைத் துணி, அந்தப் பித்தளை வளையத்துக்காக. உலோகப் பாகங்களுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். அச்சிட்ட எழுத்து உள்ள பிளாஸ்டிக் உடம்புக்குச் சோப்புத் தண்ணீர் மட்டும். அசிட்டோன் பக்கமே போக வேண்டாம்.

நம்மூர்ப் புழுக்கத்தில் ரப்பர் பிடி பிசுபிசுக்கும். டால்கம் பவுடர் சில நாள் தாங்கும், அவ்வளவுதான்; பிடியின் ரப்பரே சிதைவதால் பிசுபிசுப்பு திரும்பி வரும். அதைவிட மோசம், வெள்ளை வினைல் அழிரப்பர். அதிலிருந்து கசியும் மென்மையாக்கி பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டிக்கொள்ளும். டப்பாவில் பென்சிலோடு அழிரப்பரை ஒட்டிப் போடாதீர்கள். கடலோரப் பகுதியில் வீடு என்றால் மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் இரண்டு பொட்டலம் போட்டு, மழைக்காலம் முடிந்ததும் மாற்றுங்கள். ஒரே மாடலில் உடம்பு விரிசல் விட்ட ஒன்று மலிவாகக் கிடைத்தால் விடாதீர்கள். அதன் சக்கும் மூக்கும்தான் உங்கள் உதிரி பாகக் கடை.