கள ஆய்வும் வீடும் குளக்கரை உலாவும்: ஆய்வு மாணவர் தம் ஆண்டைத் திட்டமிடும் முறை

முனைவர் பட்டத்துக்காக நீர்ப்பறவைகளைக் கணக்கெடுப்பவர், ஆண்டைத் திட்டமிட அமரும்போது பல்கலைக்கழக நாட்காட்டியைக் கையில் எடுப்பதற்கு முன், தாம் ஆய்வு செய்யும் குளங்களுக்கு எந்த மாதம் தண்ணீர் வருகிறது, எந்த மாதம் வற்றுகிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். நான் திருநெல்வேலி மாவட்டத்தின் தென்பகுதியில், நாங்குநேரி, இராதாபுரம் வட்டாரங்களில் உள்ள 22 குளங்களில் நான்கு ஆண்டுகளாகக் கணக்கெடுத்து வருகிறேன். வீட்டில் கணவரும் ஆறு வயது மகனும் அத்தையும் இருக்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டுகளில் ஆய்வும் கெட்டு வீடும் கெட்டது. அதன் பிறகு கற்றுக்கொண்டதையே இங்கே எழுதுகிறேன்.

தாமிரபரணிப் பாசனக் குளங்களுக்குக் காரும் பிசானமும் என இரு பருவத் தண்ணீர் உண்டு. என்னுடைய குளங்களில் பெரும்பாலானவை மானாவாரிக் குளங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்தால்தான் அவை நிறையும். ஜனவரி, பிப்ரவரியில் பறவைகள் உச்சத்தில் இருக்கும். ஏப்ரலில் சேறு மட்டுமே மிஞ்சும். தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், அரையாண்டு விடுமுறை, பொங்கல் ஆகிய அனைத்தும் இந்தக் காலத்துக்குள்ளேயே வருகின்றன என்பதுதான் சிக்கலின் வேர். குடும்பம் ஒன்றுகூடும் மாதங்களும் பறவைகள் ஒன்றுகூடும் மாதங்களும் ஒன்றே. இதை மாற்ற எந்த நெறியாளராலும் முடியாது. ஆகவே, 'வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு' என்று ஆண்டு முழுவதற்கும் ஒரே அளவாகப் பங்கிடும் திட்டம் நமக்குப் பொருந்தாது. குளம் நிறைந்திருக்கும் மாதங்களில் வீட்டிடம் கடன் வாங்கி, குளம் வறண்ட மாதங்களில் திருப்பிச் செலுத்துவதே பொருந்தும். ஆனால் கடன் எவ்வளவு என்பதை வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

கள நாளின் உண்மையான விலை

இங்கேதான் நான் முதலில் தவறினேன். ஒரு காலையில் மூன்று குளங்கள் பார்க்கலாம் என்பதால் 22 குளங்களுக்கு மாதம் எட்டு நாள் போதும் என்று கணவரிடம் சொல்லிவிட்டேன். அந்த எட்டு நாளும் எப்படிக் கழிந்தன என்பதைப் பிறகு எழுதிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. காலை மூன்றே முக்காலுக்கு எழுந்து, நாலே முக்காலுக்கு வண்டியை எடுத்தால்தான் விடியும்போது முதல் குளத்தின் கரையில் நிற்க முடியும். ஜனவரியில் எங்கள் பகுதியில் ஆறரை மணிக்குமேல்தான் சூரியன் உதிக்கிறது. கணக்கெடுப்பு ஒன்பதரைக்கு முடியும். வீடு வந்து சேரப் பதினொன்றரை ஆகும். அதன் பிறகு குறிப்பேட்டில் இருப்பதைக் கணினியில் ஏற்ற இரண்டு மணி நேரம் பிடிக்கும். அன்றே ஏற்றாவிட்டால், 'உள்ளான் 40, கலங்கல்' என்று அவசரத்தில் கிறுக்கியது கூட்டம் கலைந்ததைக் குறிக்கிறதா, தண்ணீர் கலங்கியிருந்ததைக் குறிக்கிறதா என்பது ஒரு வாரத்தில் மறந்துவிடும். மாலையில் உடம்பு வீட்டில் இருந்தாலும் கண் சொக்கிக்கொண்டே இருக்கும். ஆக, ஒரு கள நாள் என்பது ஒன்றரை நாள். எட்டு நாள் என்பது பன்னிரண்டு நாள்.

வீட்டில் சண்டை வந்தது நான் குளத்துக்குப் போனதால் அல்ல. எட்டு என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டை எடுத்துக்கொண்டதால்தான். அத்தை ஒருநாள் காபியை நீட்டிக்கொண்டே, "ஏம்மா, இன்னைக்குங் குளந்தானா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வியில் குற்றச்சாட்டு இல்லை, கணக்கு இருந்தது. ஆகவே நீங்களும் முதல் மாதம் முழுவதும் உங்கள் கள நாள்களை மணிக்கணக்கில் எழுதி வையுங்கள். பயணம், பதிவேற்றம், உறக்கம், தொலைநோக்கியைத் துடைப்பது, சேறான உடைகளைத் துவைப்பது என அனைத்தையும் சேர்த்து வரும் எண்ணையே வீட்டாரிடமும் நெறியாளரிடமும் சொல்லுங்கள்.

ஒரே பயணத்தில் இரண்டையும் முடிக்கப் பார்க்காதீர்கள்

குழந்தையையும் அழைத்துக்கொண்டு கணக்கெடுப்புக்குப் போனால் ஆய்வும் ஆகும், உலாவும் ஆகும் என்று தோன்றுவது இயல்பு. எனக்கும் தோன்றியது. இரண்டாம் ஆண்டு பிப்ரவரியில், ஒரு பெரிய குளத்தின் மதகருகே தொலைநோக்கியின் முக்காலியை ஊன்றி, மேற்கிலிருந்து கிழக்காக நாமக்கோழிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முந்நூற்றுச் சொச்சத்தைத் தாண்டியிருந்த நேரத்தில், பின்னாலிருந்து மகன் கரையின் உட்சரிவில் இறங்கிக் கல்லெறிந்தான். ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்திக்கொண்டு எழும்ப, அதைத் தொடர்ந்து பாதிக் குளம் எழும்பியது. அன்றைய கணக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டியதாயிற்று. அதைவிட வருத்தம், நான் அவனைத் திட்டியதுதான். அடுத்த இரண்டு மாதம் குளம் என்ற சொல்லைக் கேட்டாலே அவன் அறைக்குள் போய்விட்டான். கல்லெறிவது சிறு பிள்ளை குளக்கரையில் செய்ய வேண்டிய வேலைதான். நான்தான் தவறான நாளில் அழைத்துச் சென்றிருந்தேன்.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன். கணக்கெடுக்கும் நாளில் குடும்பம் வராது. குடும்பம் வரும் நாளில் முக்காலியும் குறிப்பேடும் வரா. இருகண்ணோக்கி மட்டும் வரலாம், அதுவும் பிள்ளையின் கழுத்தில். உலாவுக்கு ஆய்வுக் குளங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பதும் நல்லது. நம் குளத்தைக் கண்டதும் கண் தானாக எண்ணத் தொடங்கிவிடும், பேச்சு நின்றுவிடும்.

உலாவுக்கு ஏற்ற நேரம் மாலை நான்கு மணிக்கு மேல். பிள்ளையின் நடைக்கு நாம் இறங்கி வந்தால், கணக்கெடுக்கும்போது நாம் தாண்டிப் போகும் பொருள்கள் கண்ணில் படும். நத்தைகுத்தி நாரைகள் மேய்ந்த இடத்தில், நீரோரச் சேற்றில் வெற்று நத்தை ஓடுகள் சிதறிக் கிடக்கும். மகன் அவற்றைப் பொறுக்கி, பெரிது சிறிதாக அடுக்கி, உள்ளே இருந்ததை உறிஞ்சி எடுத்தது யார் என்று கேட்டான். அலகின் நடுவில் இடைவெளி விழுந்திருக்கும் அந்த நாரையைக் காட்டினேன். மடையோரம் அசையாமல் நிற்பதால்தான் மடையான் என்று பெயர் வந்தது போலும் என்று நான் ஊகமாகச் சொன்னதை அவன் இன்றும் பள்ளியில் உறுதியான செய்தியாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

எங்கள் பகுதியில் முதல் உலாவுக்கு நான் கூந்தன்குளத்தைத்தான் சொல்வேன். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்த அவ்வூரில், வீட்டுக் கொல்லை மரங்களிலேயே கூழைக்கடாக்களும் நாரைகளும் கூடு கட்டுகின்றன. வயதானவர்கள் குளக்கரை ஏறாமல் தெருவில் நின்றபடியே பார்க்கலாம். குளிர்காலத்தில் இமயமலையைக் கடந்து வரும் பட்டைத்தலை வாத்துகளும் அங்கே உண்டு. சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்கீழ் தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த அனுமதிச் சீட்டு அதில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே. அதைக் காட்டிக் குடும்பத்தை உள்ளே அழைத்துச் செல்லக் கூடாது. குடும்பத்தோடு போகும்போது நீங்களும் மற்றவர்களைப் போல ஒரு பார்வையாளர்தான்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கடனைத் திருப்பிச் செலுத்தும் காலம். மானாவாரிக் குளங்கள் வறண்டு, எண்ண ஒன்றும் இல்லாத அதே நேரத்தில் குற்றாலத்தில் சாரல் பிடித்திருக்கும். கட்டுரை எழுதுவதையும் பகுப்பாய்வையும் இந்த மாதங்களுக்கு ஒதுக்கினால், காலையில் நான்கு மணி நேரம் மேசை, பிறகு வீடு என்று நாளை வகுத்துக்கொள்ளலாம். மேசை வேலையை எங்கும் நகர்த்தலாம் என்பதால், அதுவே எப்போதும் குடும்ப நேரத்துக்குள் நுழையப் பார்க்கும். அதற்குத்தான் மணிக்கணக்குக் கட்டுப்பாடு தேவை.

நெறியாளரிடம் பேசும் முறை

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் ஒவ்வொரு பருவத்திலும் ஆய்வின் முன்னேற்றத்தை முன்வைக்க வேண்டும். அங்கே முன்வைக்கும் அறிக்கையின் கடைசிப் பக்கமாக, அடுத்த ஆறு மாதங்களின் கள நாள்களையும் விடுப்பு நாள்களையும் தேதியோடு காட்டிவிடுங்கள். தனியாகப் போய்த் தயங்கித் தயங்கி விடுப்புக் கேட்பதைவிட, திட்டத்தின் பகுதியாக அது முன்னரே பதிவாகியிருப்பது இருவருக்கும் எளிது. ஆய்வை முடிக்க ஆறு ஆண்டுகள் வரையும், மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டுகள் வரையும் காலம் உண்டு. பெண் ஆய்வாளர்களுக்கு இன்னும் இரண்டு ஆண்டுத் தளர்வும், மகப்பேறு அல்லது குழந்தை பராமரிப்புக்காக ஆய்வுக்காலம் முழுவதற்குமாக 240 நாள் வரை விடுப்பும் அதே விதிமுறைகளில் இடம்பெற்றுள்ளன. இவற்றை அறியாமல் வீட்டையும் உடம்பையும் வருத்திக்கொண்ட தோழிகளை நான் பார்த்திருக்கிறேன்.

குளிர்பதனப் பெட்டியில் ஒட்ட வேண்டிய தாள்

களத்துக்குப் புறப்படும் முன், பார்க்கப்போகும் குளங்களின் பெயரை வரிசையாகவும், திரும்பும் நேரத்தையும், அதற்குமேல் ஒரு மணி நேரம் கடந்தால் யாரை அழைக்க வேண்டும் என்பதையும் தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். பல குளங்களின் உட்கரையில் கைப்பேசிக் கோபுரம் எட்டாது. இந்தத் தாளை ஒட்டத் தொடங்கிய பிறகு, பத்து மணிக்குமேல் கணவர் என்னை ஓயாமல் அழைப்பது நின்றுவிட்டது. கரைப் புதரில் கண்ணாடி விரியனும் கட்டுவிரியனும் இருக்கும். கடித்தால் கட்டுப்போடுவதிலும் கீறுவதிலும் நேரத்தைக் கழிக்காமல், 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போவதுதான் வழி என்பதை வீட்டாரும் அறிந்திருக்க வேண்டும்.

வீடு திரும்பியதும் பிள்ளை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ளும். கள உடையை மாற்றிக் குளித்த பிறகே தூக்குங்கள். புதர்களில் இருக்கும் நுண்ணிய உண்ணி இளவுயிரிகள் உடையில் ஒட்டி வரக்கூடும். அவற்றால் வருவதே ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல். காய்ச்சலோடு உடம்பில் எங்காவது கருகிய பொருக்குப் போன்ற புண் இருந்தால், நீங்கள் களத்துக்குப் போய்வருபவர் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெற்று வாரங்கள்

ஒவ்வொரு மாதத்திலும் ஒரு வாரத்தை எதற்கும் ஒதுக்காமல் விட்டு வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் பதிவானது. என் குளங்களில் இரண்டு உடைந்தன. வண்டி செல்லும் பாதையே காணாமல் போனது. அந்த மாதக் கணக்கெடுப்பைக் கடைசி வாரத்துக்குத் தள்ள முடிந்ததற்குக் காரணம், அந்த வாரம் வெறுமையாக இருந்ததுதான். வெள்ளம் வராத மாதங்களில் பிள்ளையின் காய்ச்சலோ உறவினர் வீட்டு விசேஷமோ அந்த வாரத்தை நிரப்பிவிடும். ஒன்றுமே வராவிட்டால் அதை வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும், நிலுவையிலுள்ள கட்டுரைக்கு அல்ல.

பொங்கலுக்கு மட்டும் நான் ஒரு விலக்கு வைத்திருக்கிறேன். ஜனவரி 14 முதல் 17 வரை நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில், இருந்த இடத்திலிருந்தே பதினைந்து நிமிடம் பார்த்தவற்றைப் பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் இணையதளத்தில் பதிவு செய்தால் போதும். மொட்டை மாடியில் பாயை விரித்து, கரும்பைக் கடித்துக்கொண்டே மகன் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். காகம் 11, மைனா 4, தூரத்தில் பறந்த கொக்கு 1. அந்தப் பட்டியல் என் ஆய்வேட்டில் சேராது.

அடுத்த ஆண்டுக்கான நாட்காட்டியை மே மாதத்தில், அத்தையின் ஊரில் கோயில் கொடைவிழா முடிந்து வந்ததும் எல்லாரும் உட்கார்ந்து எழுதுகிறோம். முதலில் எழுதப்படுவது அடுத்த கொடையின் தேதி, அடுத்தது மகனின் பிறந்தநாள், அதன் பிறகே குளங்கள். இந்த முறை மாதத்துக்குப் பன்னிரண்டு கட்டங்களை நான் நீல மையால் நிரப்பி முடித்ததும், அத்தை விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள்.