16×2 டிஸ்பிளேயில் எழுத்து தெரியவில்லையா? மூன்றாம் பின்னில் நடக்கும் தவறுகள்

பட்டுப்புழு மனைக்கு வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் பெட்டி செய்ய ஓர் ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சிறு போர்டு), ஒரு சென்சார், ஒரு 16×2 டிஸ்பிளே (வரிக்கு 16 எழுத்தாக 2 வரி காட்டுவது) போதும். எல்லாம் இணைத்து கரண்ட் கொடுத்தால் நீல விளக்கு எரிகிறது, எழுத்து மட்டும் இல்லை. டிஸ்பிளே போய்விட்டது என்று முடிவு கட்டி, கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் இன்னொன்று வாங்கி வந்தாலும் அதிலும் அதே கதைதான் நடக்கும். முதலில் மல்டிமீட்டரை எடுங்கள்.

விளக்கு வேறு, கான்ட்ராஸ்ட் வேறு. டிஸ்பிளேயில் வரிசையாக உள்ள 16 இணைப்பு முனைகள்தான் பின்கள். விளக்குக்கு 15, 16-ஆம் பின்கள். கான்ட்ராஸ்ட்டை, அதாவது எழுத்தின் அடர்த்தியைத் தீர்மானிப்பது 5 வோல்ட் வரும் 2-ஆம் பின்னுக்கும் 3-ஆம் பின்னுக்கும் இடையிலுள்ள வோல்ட் வித்தியாசம். 5 வோல்ட்டில் ஓடும் டிஸ்பிளேக்களில் பெரும்பாலானவற்றுக்கு இது ஏறத்தாழ 4.2 முதல் 4.7 வரை இருக்க வேண்டும். மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டான 1-ஆம் பின்னிலும் சிவப்பு முனையை 3-ஆம் பின்னிலும் வைத்தால் அரை வோல்ட்டை ஒட்டி வர வேண்டும்.

அதிகம் நடக்கும் தவறு, 3-ஆம் பின்னை எதிலும் இணைக்காமல் விடுவது. டிஸ்பிளேக்குள் 2-ஆம் பின்னிலிருந்து 3-ஆம் பின் வரை ஒரு ரெசிஸ்டர் வரிசை இருக்கிறது. பின்னை அந்தரத்தில் விட்டால் அந்த வரிசை வழியாக அது 5 வோல்ட்டுக்கே ஏறிவிடும். வித்தியாசம் பூஜ்யமாகி, திரை வெறுமையாகிவிடும். இதற்கு ஒரு பிரீசெட் (ஸ்க்ரூ டிரைவரால் திருப்பி மதிப்பை மாற்றும் சின்ன ரெசிஸ்டர்) வேண்டும். அதன் இரண்டு ஓரக் கால்கள் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும், நடுக்கால் 3-ஆம் பின்னுக்கும் போக வேண்டும். ஓரக் கால் இரண்டும் இடம் மாறினால் கெடுதல் இல்லை, திருப்பும் திசை மட்டும் மாறும்.

பிரீசெட்டின் மதிப்பையும் பாருங்கள். மேலே 103 என்று இருந்தால் 10 கிலோ ஓம், அதுதான் வேண்டும். 104 என்றால் 100 கிலோ ஓம். அதில் சரியான இடம் கிரவுண்ட் ஓரத்தில் மயிரிழை அளவுதான் கிடைக்கும். சற்றுத் தொட்டாலே எழுத்து மறையும். 103-இலும் பயன்படும் பகுதி கிரவுண்ட் பக்கக் கடைசியில்தான் இருக்கிறது. பாதி வரை திருப்பிப் பார்த்துக் கைவிடாமல் இரண்டு முனை வரைக்கும் மெதுவாகத் திருப்புங்கள். பிரீசெட் கையில் இல்லையென்றால் 3-ஆம் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டாலே பெரும்பாலும் எழுத்து தெரியும்.

மேல் வரியில் மட்டும் 16 கறுப்புக் கட்டங்கள் நின்றால் பிரீசெட்டைத் தொடவே வேண்டாம். கான்ட்ராஸ்ட் வருகிறது என்பதற்கு அதுவே சாட்சி; டிஸ்பிளேக்குத் தொடக்கக் கட்டளை போய்ச் சேரவில்லை. ஆர்.எஸ்., ஈ என்ற கட்டுப்பாட்டு வயர்களையும் டேட்டா வயர்களையும், நிரலில் எழுதியுள்ள பின்களின் எண்களோடு ஒப்பிடுங்கள். நான்கே வயரில் இணைக்க உதவும் ஐ2சி பலகை ஒட்டியதாக இருந்தால் முகவரி 0எக்ஸ்27-ஆ 0எக்ஸ்3எஃப்-ஆ என்று ஸ்கேன் செய்து பாருங்கள். அந்தப் பலகையின் பின்புறமுள்ள நீலச் சதுரம்தான் பிரீசெட். வேறொன்று சேர்க்கத் தேவையில்லை.

ராஸ்பெரி பை, ஈ.எஸ்.பி.32 போன்ற போர்டுகளின் 3.3 வோல்ட்டை 2-ஆம் பின்னுக்குக் கொடுப்பது இன்னொரு தவறு. 3-ஆம் பின்னைக் கிரவுண்டில் வைத்தாலும் வித்தியாசம் 3.3-க்கு மேல் போகாது. பிரீசெட்டை எவ்வளவு திருப்பினாலும் எழுத்து மங்கல்தான். டிஸ்பிளேக்குத் தனியாக 5 வோல்ட் கொடுங்கள். படிப்பதா எழுதுவதா என்று டிஸ்பிளேக்குச் சொல்லும் ஆர்.டபிள்யூ. பின்னைக் கட்டாயம் கிரவுண்டில் கட்டுங்கள். இல்லையென்றால் டிஸ்பிளேயின் 5 வோல்ட் டேட்டா வயர் வழியாகத் திரும்பி வந்து போர்டைக் கெடுக்கும்.

நம் ஊரில் கவனிக்க வேண்டியது வெயில். சூடு ஏற ஏற, எழுத்தைக் காட்டும் திரவப்படிகம் குறைந்த வோல்ட்டுக்கே கறுக்கும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் காலையில் சரி செய்த பெட்டி, சித்திரை மதியம் தருமபுரியில் தகரக் கூரைக்கு அடியில் எழுத்தைச் சுற்றிக் கட்டம் கட்டிவிடும். அப்போது 6-உம் 8-உம் ஒன்றுபோலத் தெரியும். இளம்புழுவுக்கு 27, 28 டிகிரியும் வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரியும் வைக்கும் மனையில் 26-ஐ 28 என்று படிப்பது சின்னப் பிழை இல்லை.

ஆகவே மேசையில் சரி செய்துவிட்டுச் சுவரில் மாட்டாதீர்கள். பார்க்கும் கோணம் மாறினாலும் கான்ட்ராஸ்ட் மாறும். யு.எஸ்.பி.யிலிருந்து அடாப்டருக்கு மாற்றினால் வரும், வோல்ட்டில் பத்தில் சில பங்கு வேறுபாடும் கண்ணில் தெரியும். நிரந்தர அடாப்டரைச் செருகி, மாட்டும் உயரத்திலேயே பிடித்து, நண்பகல் சூட்டில் பின்னணிக் கட்டம் அப்போதுதான் மறையும் இடத்தில் பிரீசெட்டை நிறுத்துங்கள். மறுநாள் விடியலில் எழுத்து மங்கினால் ஒரு நூலளவு கிரவுண்ட் பக்கம் திருப்பினால் போதும். ஸ்க்ரூ டிரைவர் நுழைய பெட்டியில் ஒரு துளை விட்டு வைத்தால் ஒவ்வொரு முறையும் மூடியைக் கழற்ற வேண்டியிருக்காது.