ஆவாரை விதை முளைக்கவில்லையா? உப்புத்தாளை எடுங்கள்

காங்கேயம் பக்கத்து மேட்டுக்காடுகளில் யாரும் விதைக்காமல், ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றாமல் பூத்துக் கிடக்கிறது ஆவாரை. என் வேலியோரத்திலோ இரண்டு ஆண்டுகள் ஒரு விதைகூட முளைக்கவில்லை. மூன்றாம் ஆண்டில் பலித்த வழி இது.

முதலில் செடியைச் சரியாக அடையாளம் காணுங்கள். மஞ்சளாகப் பூக்கும் புதரெல்லாம் ஆவாரை அல்ல. பூவை விட்டுவிட்டு இலைக்காம்பின் அடியைப் பாருங்கள். காதுமடல் போல அகன்ற இரண்டு சிற்றிலைகள் தண்டை ஒட்டி நிற்கும். சென்னா ஆரிகுலேட்டா என்ற அறிவியல் பெயரில் ‘ஆரிகுலேட்டா’ என்றாலே காதுள்ளது என்றுதான் பொருள்.

செடியிலேயே பழுத்துக் காய்ந்து, காகிதம் போலச் சலசலக்கும் தட்டை நெற்றுகளைப் பறியுங்கள். ஒரே செடியை மொட்டையடிக்க வேண்டாம். உரித்ததும் ஊசித்துளை உள்ள விதைகளைக் கழித்துவிடுங்கள். அவற்றை வண்டு தின்றிருக்கும்.

நான் தடுக்கி விழுந்தது அடுத்த படியில்தான். ஆவாரை விதையின் தோல் நீர் புகாதது. அது குறையல்ல, வறண்ட நிலத்தில் பிழைக்கும் வழி. ஒரு கோடை மழைக்கே எல்லா விதைகளும் முளைத்துவிட்டால், பின்னால் வரும் வெயிலில் எல்லாம் கருகிவிடும். அதனால் தோல் தேயத் தேயச் சில விதைகள் இந்த ஆண்டும் சில பிந்தைய ஆண்டுகளிலும் முளைக்கின்றன. நமக்கு அவ்வளவு பொறுமை இல்லையென்றால் தோலை நாம்தான் தேய்க்க வேண்டும்.

பலர் கொதிநீரைச் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. சூடு சற்று மிஞ்சினால் கரு வெந்துவிடும். உப்புத்தாளே நல்லது. ஒவ்வொரு விதையையும் ஒரு பக்கம் மட்டும், தோலின் நிறம் வெளுக்கும்வரை தேயுங்கள். விதை நெற்றோடு ஒட்டியிருந்த முனையைத் தொடாதீர்கள். முளைவேர் அங்கேதான் இருக்கிறது. இரவு முழுவதும் சாதாரணத் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் உப்பியவற்றை விதையுங்கள். உப்பாதவற்றை மறுபடி தேயுங்கள்.

செம்மண்ணும் ஆற்றுமணலும் கலந்த உயரமான பையில் அரை அங்குல ஆழம் போதும். ஆணிவேர் வேகமாக இறங்கும் என்பதால் அகலத் தொட்டி எனக்கு உடன்பாடில்லை. ஆடியில் விதைத்து, ஐப்பசி மழையில் வேர்மண் உடையாமல் முழு வெயிலில் நட்டுவிடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்துபார்த்த இருவர், நாற்று அழுகியதாக எழுதினார்கள். இருவருமே தென்னைநார்க் கழிவு கலந்திருந்தார்கள். அது ஈரத்தைப் பிடித்துவைக்கும். சரளையிலும் செவலிலும் வாழும் செடிக்கு அது ஆகாது. மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

இன்னொருவர் இலைகளைப் பச்சைப் புழு தின்கிறது என்றார். பெரும்பாலும் வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சிகளின் புழுக்களாக இருக்கும். அவை முட்டையிடத் தேடிவரும் செடிகளில் ஆவாரையும் ஒன்று. மருந்து அடிக்காதீர்கள். வேரூன்றிய செடி மறுபடி துளிர்க்கும். நாற்றாக இருந்தால் மட்டும் புழுவைக் கையால் எடுத்துப் பெரிய செடியில் விடுங்கள்.