ஐ-80: எந்த ஊரில் இரவு தங்கக் கூடாது

போன வாரம் அலுவலகத்துத் தம்பி ஒருவன் பயணத் திட்டத்தைக் காட்டினான். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நியூ ஜெர்சிக்கு வேலை மாறிப் போகிறான், நவம்பர் கடைசியில், காரிலேயே. அமெரிக்காவின் குறுக்கே ஓடும் நெடுஞ்சாலையான இன்டர்ஸ்டேட் 80 (ஐ-80) நேரே கொண்டுபோய் விட்டுவிடும்: பதினொரு மாநிலம், ஏறக்குறைய 2,900 மைல். தங்கும் ஊர்கள் ரீனோ, சால்ட் லேக் சிட்டி, ஷையன், ஓமஹா, சிகாகோ, கிளீவ்லாண்ட், மன்ஹாட்டன். எல்லா அறைக்கும் முன்கூட்டியே பணம் கட்டப்போகிறான், அப்படிக் கட்டினால் இருபது டாலர் குறைவாம்.

முதல் முறை இதே சாலையில் கிளம்பியபோது நான் போட்ட பட்டியலும் கிட்டத்தட்ட இதுதான். டயரில் காற்று பாருங்கள், தூக்கம் வந்தால் ஓட்டாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஊர்களைத் தேர்ந்தெடுப்பதில் வரும் தவறுகள் மட்டும்.

பெயர் தெரிந்த ஊராகப் பார்த்துத் தங்குவது

வரைபடத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் ஊரெல்லாம் வழியில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். ஐ-80 சிகாகோ நகரத்துக்குள் போவதில்லை. ஜோலியட் பக்கம் தெற்கே ஒதுங்கி, புறநகர்களைத் தொட்டுக்கொண்டு இண்டியானாவின் கேரிக்குப் போய்விடும். கிளீவ்லாண்டும் அப்படித்தான், அதற்குத் தெற்கே நழுவும். சிகாகோவில் அறை போட்டால் சாயங்கால நெரிசலில் உள்ளே போய், மறுநாள் காலை நெரிசலில் வெளியே வரவேண்டும். ஊர் பார்க்கப் போகிறீர்கள் என்றால் சரி, ஒரு நாள் முழுசாக ஒதுக்குங்கள். தூங்க மட்டும்தான் என்றால் சிகாகோவுக்கு முன்னாலேயே வரும் அயோவா சிட்டியோ டேவன்போர்ட்டோ போதும். எக்ஸிட்டில் இறங்கினால் எதிரிலேயே மோட்டல்.

"மூடியிருக்கிறது" என்ற பலகையைப் படித்துவிட்டு மேலே போவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. பணம் போனதால் மட்டுமல்ல, பலகையை நன்றாகப் படித்துவிட்டுத்தான் போனேன் என்பதால்.

அக்டோபர் கடைசி. காலை எட்டு மணிக்கு சால்ட் லேக் சிட்டியில் கிளம்பினேன். இரவு ஷையனில் அறை, 440 மைல், சுலபம். பதினொன்றரைக்கு வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸ் வந்தேன். துடைத்துவிட்டதுபோல நீல வானம். மின்பலகையில் ராலின்ஸிலிருந்து லாரமி வரை சாலை மூடல் என்று ஓடியது. நான் போட்ட கணக்கு: ராலின்ஸ் இன்னும் நூறு மைலுக்கு மேல், போய்ச் சேருவதற்குள் திறந்துவிடுவார்கள்.

ராலின்ஸில் இறங்கிய கேட் இறங்கியபடியே இருந்தது. ரயில்வே கேட் போலவே நெடுஞ்சாலைக்கும் கேட் உண்டு என்று அன்றுதான் தெரியும். லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசையாக நின்றன. எட்டாயிரம் பேர் வாழும் ஊர் அது, அறைகள் எல்லாம் நிரம்பிவிட்டன. முதல் இரவு காரிலேயே. இஞ்சினைப் போட்டு, அணைத்து, மறுபடி போட்டு... இரண்டாம் இரவு ஒரு மோட்டலில் வழக்கமான விலையைப் போல இரண்டு மடங்கு. ஷையன், ஓமஹா இரண்டு அறைக்கும் கட்டிய பணம் திரும்பவில்லை. எல்லாம் சேர்த்து 400 டாலருக்கு மேல்.

ராக் ஸ்பிரிங்ஸ் 23,000 பேர் வாழும் ஊர். மோட்டல்கள், கடைகள், ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. அங்கேயே நின்றிருந்தால் சூடான அறையில் கால் நீட்டிப் படுத்திருப்பேன். இந்தத் தொல்லை வயோமிங் சாலைத் துறைக்கும் தெரியும். ராலின்ஸ் நிரம்பினால் அதற்கு முந்தைய ஊரிலேயே சாலையை மூடுவார்கள். வானம் தெளிவாக இருக்கும் இடத்தில் கேட் இறங்கியிருந்தால் காரணம் அதுவாக இருக்கலாம், கோபப்படாதீர்கள்.

ராலின்ஸ், லாரமி நடுவில் அந்தத் துண்டு மட்டும் ஏன் இப்படி மூடுகிறது? பழைய சாலையான யூ.எஸ். 30 ரயில் பாதையை ஒட்டி வடக்கே மெடிசின் போ வழியாகச் சுற்றிப் போகும். ஐ-80ஐ மைல் மிச்சம் பிடிக்க, 11,000 அடிக்கு மேல் உயர்ந்த எல்க் மலையின் அடிவாரம் வழியாக நேராக இழுத்தார்கள். அங்கே குளிர்காலக் காற்று எப்படியிருக்கும் என்று உள்ளூர்க்காரர்கள் எச்சரித்தார்கள், எடுபடவில்லை. 1970 அக்டோபரில் திறந்தார்கள். சில நாட்களிலேயே மூடவேண்டியதாயிற்று. சாலையோரம் மைல் கணக்கில் நிற்கும் மரத் தட்டிகள் அதற்கப்புறம் வந்தவை, பறந்துவரும் பனியைப் பிடித்து நிறுத்த.

அங்கே பனி விழவே வேண்டாம் என்பதைத்தான் புதியவர்கள் புரிந்துகொள்வதில்லை. முந்தாநாள் விழுந்த பனியைக் காற்று கிளப்பும். மேலே வெயில் அடிக்கும், கீழே முன்னால் போகும் வண்டி தெரியாது. போனில் வெப்பநிலையும் மேகப் படமும் மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பினால் இது தெரியாது. காற்றின் வேகத்தைப் பாருங்கள், 511ஐக் கூப்பிட்டு சாலை நிலவரம் கேளுங்கள். வாடகை ட்ரெய்லர் இழுத்துப் போகிறவர்கள் இரண்டு தடவை கேளுங்கள். சாலை திறந்திருந்தாலும் எடை குறைந்த ட்ரெய்லர்களை மட்டும் நிறுத்தும் நாட்கள் உண்டு.

அப்புறம், மூடிய சாலையைச் சுற்றிப்போக போன் ஒரு மண் பாதையைக் காட்டும். பண்ணைச் சாலை அது. போகாதீர்கள். உங்களைத் தேடி வருகிறவரும் அதில் மாட்டிக்கொள்வார்.

கடிகாரம்

கிழக்கே போனால் நேர மண்டலம் மாறி மாறி மூன்று மணி நேரம் காணாமல் போகும். ஒரு மணி நேரம் நெப்ராஸ்காவுக்குள்ளேயே, ஒகலாலாவுக்கும் நார்த் பிளாட்டுக்கும் நடுவில்.

நெப்ராஸ்காவைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டுவது

455 மைல் சோளக்காடு என்று எல்லாரும் சலித்துக்கொள்வார்கள், நானும் சலித்துக்கொண்டவன்தான். மார்ச்சில் போனால் கியர்னியில் நில்லுங்கள். பிளாட் ஆற்றில் சாண்ட்ஹில் கொக்குகள் லட்சக்கணக்கில் இறங்கும், விடியலில் அவை கிளம்பும் சத்தம் ஊரையே எழுப்பும். அந்த மாதம் மட்டும் அறையை முன்பே பிடித்துவிடுங்கள்.

சுங்கம்

இண்டியானா, ஒஹாயோவில் உண்டு. பென்சில்வேனியாவின் ஐ-80க்குக் கிடையாது, அங்கே டர்ன்பைக் என்ற சுங்கச் சாலை வேறு.

பெட்ரோல்

வயோமிங்கில் பாதித் தொட்டி என்றால் காலித் தொட்டி.

கடைசி இரவை நியூயார்க்கில் வைப்பது

ஐ-80 நியூயார்க் போவதே இல்லை. நியூ ஜெர்சியின் டீநெக்கில் ஐ-95உடன் சேர்ந்து முடிந்துவிடும். அதற்கு மேல் பாலம், பாலத்துக்குச் சுங்கம், நெரிசல், வீட்டுச் சாமான் நிறைந்த காரை மன்ஹாட்டன் கராஜில் ராத்திரி முழுக்க விடும் வாடகை. வேலையும் வீடும் நியூ ஜெர்சியில் இருக்கும்போது எதற்கு?

தம்பி ஷையனை அடித்துவிட்டு ராக் ஸ்பிரிங்ஸ் என்று எழுதிக்கொண்டான். சிகாகோவையும் விட்டுவிட்டான். மன்ஹாட்டனை மட்டும் விடமாட்டானாம், "ஒரே ஒரு ராத்திரிதானேண்ணா" என்கிறான்.