நோவாவின் கதையை நகைச்சுவைப் படமாக்குகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரளயக் கதையை வைத்து நகைச்சுவைப் படம் எழுத உட்காருபவர் முதலில் ஒன்றை மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். படம் பார்க்க வந்த அத்தனை பேருக்கும் மழை வரும் என்று தெரியும். கிறிஸ்தவர்களுக்கு ஆதியாகமம் 6 முதல் 9 வரையிலான அதிகாரங்கள், முஸ்லிம்களுக்கு நூஹ் நபியின் வரலாறு, இந்துக்களுக்கு மனுவும் மச்ச அவதாரமும். சிங்கப்பூர்த் தமிழர்கள் கூடும் அரங்கில் இந்த மூன்று தரப்பும் அடுத்தடுத்த இருக்கைகளில் உட்கார்ந்திருக்கும். மழை வரும் என்று தெரியாதவர்கள் படத்துக்குள் இருக்கும் அக்கம்பக்கத்தாரும் சொந்தக்காரர்களும் மட்டுமே. சிரிப்பு பிறப்பது இந்த இடைவெளியில்தான். எழுதுபவரே அதை அடைத்துவிடும்போதுதான் படம் படுத்துவிடுகிறது.

மழை வருமா வராதா என்று இழுப்பது

அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். நாயகன் கண்டது கனவா நிஜமா என்று படத்தின் பாதியைக் கரைத்துவிடுகிறார்கள். விடை தெரிந்த கேள்வியை எவ்வளவு நேரம் இழுத்தாலும் பதற்றம் ஏறாது. கேள்வியை மாற்றுங்கள்: யார், எப்போது, எதை இழந்து நம்புகிறார்கள்?

100 நிமிடப் படமென்றால் 12ஆம் நிமிடத்துக்குள் பேழை கட்டச் சொல்லும் கடவுளின் கட்டளை வந்துவிட வேண்டும். முதல் துளி 70ஆம் நிமிடத்துக்கு முன்னால் விழக்கூடாது. 15 நிமிடக் குறும்படத்தில் கட்டளைக்கு ஒன்றரை நிமிடம், முதல் துளிக்கு 11ஆம் நிமிடம். நடுவில் இருப்பதெல்லாம் வீட்டார் ஒவ்வொருவராகப் பக்கம் மாறும் கதை. முதலில் நம்புவது பேத்தியாக இருக்கட்டும், கடைசியில் நம்புவது நாயகனுக்கு மிக நெருங்கியவராக இருக்கட்டும். வரிசை தலைகீழானால், மனைவி ஏற்றுக்கொண்ட பிறகு மச்சான் நம்பாததைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

பொய் மழையை இரண்டு முறை காட்டலாம், மூன்றாவது நிஜமாக இருக்க வேண்டும். இதற்கு நம் ஊர் வானிலையே கைகொடுக்கிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை அடிக்கும் சுமத்ராக் காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ வரும். மரத்தைச் சாய்க்கிற வேகத்தில் கொட்டிவிட்டு, இரண்டொரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். குடும்பமே பேழைக்குள் ஓடி உட்கார்ந்த பிறகு வெயில் அடிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான மழை கிடையாது. நிஜப் பிரளயத்தை டிசம்பர், ஜனவரியில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது நாள்கணக்கில் விடாமல் பெய்வதை இங்கே எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

நாயகனையே சிரிக்கவைக்க விடுவது

ஆதியாகமத்தைக் கவனமாகப் படித்தால் ஒன்று கண்ணில் படும். கட்டளை வந்ததிலிருந்து பேழையை விட்டு இறங்கும்வரை நோவா ஒரு வார்த்தை பேசியதாகவும் எழுதப்படவில்லை. சொன்னபடி செய்தான் என்று மட்டுமே இருக்கிறது. அவர் வாயிலிருந்து வரும் முதல் பேச்சு 9ஆம் அதிகாரத்தில், திராட்சரசம் குடித்துத் தூங்கி எழுந்த பிறகுதான். நகைச்சுவைக்கு இதைவிட நல்ல அச்சாணி தேவையில்லை. பேசாமல் வேலை செய்யும் ஒரு மனிதர், அவரைச் சுற்றிப் பேசிக்கொண்டே இருக்கும் ஒரு குடும்பம்.

பலர் இதைக் குப்புறக் கவிழ்த்து, நாயகனுக்கே ‘பஞ்ச்’ வசனங்களைக் கொடுத்துவிடுகிறார்கள். தன் நிலைமையைப் பார்த்துத் தானே சிரிக்கும் ஆளைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்க மாட்டார்கள். ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழக் காட்சி இன்றும் ஓடுவதற்குக் காரணம், செந்திலின் முகத்தில் வேடிக்கை செய்கிறோம் என்ற எண்ணம் கடைசிவரை தெரியாததுதான். பேழை கட்டுபவரின் முகமும் அப்படி இருக்க வேண்டும். 500 பலகை வாங்கப் போனாலும் பால் வாங்கப் போகிற முகம்.

மனைவியை நச்சரிப்பவளாக மட்டும் எழுதுவது இதன் கூடப்பிறந்த தவறு. ஆதியாகமம் அவளுக்குப் பெயர்கூடத் தரவில்லை, அதனால் எழுதுபவருக்கு நிறைய இடம் இருக்கிறது. இடைக்கால இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் நடிக்கப்பட்ட பிரளய நாடகத்தில் அவள் பேழையில் ஏற மறுப்பாள். தோழிகளை மூழ்கவிட்டு நான் மட்டும் வரமாட்டேன் என்பதுதான் அவள் வாதம். பிள்ளைகள் தூக்கிக்கொண்டு போய் ஏற்றியதும் கணவனுக்கு ஓர் அறை விழும். அந்த அறைக்குச் சிரிப்பு வருவது, அவள் பக்கம் நியாயம் இருப்பதால்தான். மறுக்கும் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு நல்ல காரணம் கொடுங்கள்.

கடவுளின் குரலை அளவோடு வையுங்கள். மொத்தப் படத்திலும் பத்துப் பன்னிரண்டு வரிகளைத் தாண்ட வேண்டாம். வேதாகமத் தமிழ் அந்தக் குரலுக்கு மட்டும் பொருந்தும். குடும்பமும் செந்தமிழில் பேசினால் அந்தக் குரலின் கனம் போய்விடும். சிங்கப்பூர் ஈசூனில் வளர்ந்த பையனை மதுரை வழக்கில் பேசவைப்பதும் வேண்டாம், முதல் வரியிலேயே ஒட்டாது.

மூலக் கதைகளைக் குழப்புவது

ஊரார் கேலி செய்யும் காட்சி ஆதியாகமத்தில் கிடையாது. கப்பல் கட்டும்போது தலைவர்கள் கடந்துபோய்க் கேலி செய்தது குர்ஆனின் ஹூத் அத்தியாயத்தில் (11:38) வருகிறது. மலையேறித் தப்பிக்கிறேன் என்று ஏற மறுக்கும் மகனும் அதே அத்தியாயத்தில்தான். ஆதியாகமத்தில் மனைவி, மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள் எல்லோரும் ஏறுகிறார்கள், மொத்தம் எட்டுப் பேர். எந்த மரபிலிருந்து எதை எடுக்கிறீர்கள் என்று தெரிந்து எடுங்கள். கிறிஸ்தவக் குடும்பமாகக் காட்டிவிட்டு மகனை மூழ்கடித்தால் அரங்கில் முணுமுணுப்பு எழும்.

விலங்குகள் விஷயத்திலும் இப்படித்தான். 6ஆம் அதிகாரம் ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி என்கிறது. 7ஆம் அதிகாரம் சுத்தமானவற்றில் ஏழேழு ஏற்றச் சொல்கிறது. ஜோடிக் கணக்கை மனப்பாடம் செய்துவைத்திருக்கும் நாயகனிடம் திடீரென ‘ஏழு’ என்று பட்டியல் மாறுவது, மூலத்திலேயே இருக்கும் நகைச்சுவைக் காட்சி. ஏனோ இதை யாரும் தொடுவதில்லை.

நபிமார்களை நடிகர் உருவில் காட்டுவதைப் பல முஸ்லிம்கள் ஏற்பதில்லை. நோவாவைப் பற்றிய 2014ஆம் ஆண்டு ஹாலிவுட் படம் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் தடைசெய்யப்பட்டது. நோவாவையே கோமாளியாக்குவதை விட்டுவிட்டு, வேறு பெயருள்ள இன்றைய மனிதர் ஒருவருக்கு இதே கட்டளை வருவதாக எழுதுங்கள். யாரையும் புண்படுத்தாமல் முழுக் கதையும் கையில் இருக்கும். சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1992 முதல் நடப்பில் உள்ள ஊர் இது. பொதுத் திரையிடலுக்கு முன், படம் எந்த வயதினருக்கு என்ற தரப்பிரிவும் வாங்க வேண்டும். எழுதும்போதே இதை யோசித்தால் பிறகு வெட்ட வேண்டியிராது.

அளவுகளை மழுப்புவது

‘பெரிய கப்பல்’ என்ற சொல்லில் சிரிப்பு இல்லை. 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம், மூன்று தட்டு, பக்கத்தில் ஒரு கதவு, உள்ளும் புறமும் கீல் (தார்) பூச்சு என்பதில் இருக்கிறது. ஒரு முழத்தை 45 சென்டிமீட்டராக வைத்தால் நீளம் 135 மீட்டர், அகலம் 22.5 மீட்டர், உயரம் 13.5 மீட்டர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கில் கிட்டத்தட்ட ஐந்து மாடி உயரம். இந்த ஒப்பீட்டைப் பாத்திரங்களே சொல்ல வேண்டும், கண்ணால் அளந்து பார்க்க வேண்டும்.

முழத்திலேயே ஒரு முழுக் காட்சி ஒளிந்திருக்கிறது. சிராங்கூன் சாலைப் பூக்கடையில் மல்லிகை வாங்கும் மனைவிக்கு, கடைக்காரரின் கை நீளத்தைப் பொறுத்து முழம் மாறும் என்பது தெரியும்.

“ஏங்க, முந்நூறு முழம்னா யார் கைக்கு?”

கணவர் தன் முழங்கையைப் பார்க்கிறார். பிறகு ஆறடி மகனின் முழங்கையைப் பார்க்கிறார். ஒரு முழத்துக்கு 5 சென்டிமீட்டர் வித்தியாசம் என்றால் 300 முழத்துக்கு 15 மீட்டர். வெட்டி முடித்த பலகைகள் பின்னால் அடுக்கிக் கிடக்கின்றன. யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, அடுத்த காட்சிக்குப் போய்விடலாம்.

விதிகளை மறந்துவிடுவது

கதையைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவருபவர்கள், கட்டுவதற்கு ஆளில்லாத ஒரு வெட்டவெளியைத் தேடுகிறார்கள். அங்கே போனதும் கதையின் உயிர் போய்விடுகிறது. நம் ஊரில் பேழை கட்டுவது வேடிக்கையாவதற்குக் காரணமே விதிகள்தான். பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும், பலகையை எங்கே வைப்பது? சுவரை உடைக்கும் சத்தமான வேலைகளைச் சனி, ஞாயிறு, பொது விடுமுறைகளில் செய்யக்கூடாது, கெடுவோ நெருங்குகிறது. 2024 செப்டம்பர் முதல் வீவக வீட்டில் இரண்டு பூனை வளர்க்கலாம், ஆனால் அனுமதிக்கப்பட்ட இன நாய் ஒன்றுதான். அதிகாரி வந்து சொல்கிறார்:

“ஐயா, பூனை ரெண்டு இருக்கலாம். நாய் ஒண்ணுக்குத்தான் அனுமதி.”

“ஒண்ணு பத்தாதே தம்பி.”

“ஏன் ஐயா?”

இங்கே கவனம் தேவை. அதிகாரியை முட்டாளாகவோ கொடுமைக்காரராகவோ எழுதிவிடாதீர்கள். அவர் பணிவானவர், உதவ நினைப்பவர், சொல்வதும் சரி. நாயகன் கேட்பதும் சரி. இரண்டு சரிகள் முட்டிக்கொள்ளும்போது வரும் சிரிப்பு, ஒருவரை மட்டம்தட்டி வரும் சிரிப்பைவிட நீண்ட நேரம் நிற்கும்.

விலங்குகளும் காகமும்

உயிருள்ள விலங்குகளை ஒரே சட்டகத்தில் நிறுத்த முயன்றால் பணமும் நேரமும் போய்விடும், புலியையும் மானையும் சேர்த்து யாராலும் நிறுத்தவும் முடியாது. குறும்படத்தில் ஒலி, நிழல், கதவிடுக்கில் தெரியும் ஒரு வால் போதும். மின்தூக்கிக் கதவு திறக்கிறது, உள்ளே நிற்கும் பாட்டியின் முகம் மாறுகிறது, கதவு மூடுகிறது. மிருகத்தைவிட அதைப் பார்த்தவரின் முகமே அதிகம் சிரிக்கவைக்கும்.

எல்லோரும் புறாவை வைத்துக்கொண்டு காகத்தை விட்டுவிடுகிறார்கள். முதலில் அனுப்பப்பட்டது காகம், அது போவதும் வருவதுமாக இருந்தது. அதன்பின் புறா மூன்று முறை: முதல்முறை வெறுமனே திரும்பியது, ஏழு நாள் கழித்து ஒலிவ இலையோடு வந்தது, இன்னும் ஏழு நாள் கழித்துப் போனது திரும்பவில்லை. நகைச்சுவையில் மூன்றாவது முறை மாற வேண்டும் என்ற வழக்கம் அப்படியே மூலத்தில் அமைந்திருக்கிறது. காகத்துக்குச் சோறு வைத்த பிறகே சாப்பிடுகிற, அது கரைந்தால் விருந்தாளி வரும் என்று வாசலைப் பார்க்கிற நமக்கு, அந்தக் காகத்தை வைத்து மட்டும் பத்து நிமிடம் எழுத முடியும். உலகத்தில் வேறு யாரும் மிச்சமில்லாத நேரத்தில் காகம் கரைகிறது. யார் வரப்போகிறார்கள்?

மூழ்கியவர்களைப் பார்த்துச் சிரிப்பது

இதைவிடப் பெரிய தவறு இந்த வகைப் படத்தில் கிடையாது. கேலி செய்த அண்டைவீட்டார் தண்ணீரில் தத்தளிப்பதைப் பழிவாங்கும் சிரிப்பாக வைத்தால் அரங்கம் உறைந்துவிடும். 2004 டிசம்பர் 26 நாகப்பட்டினத்தையும் 2015 சென்னை வெள்ளத்தையும் சொந்தக்காரர்கள் வழியாக அனுபவித்தவர்கள் நம் பார்வையாளர்கள். இதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, வெள்ளத்தை ஒரு வட்டாரத்தோடு நிறுத்துவது. ‘இவான் ஆல்மைட்டி’ (2007) அணை உடைந்து வரும் வெள்ளமாக்கி, நம்பாதவர்களையும் பேழையில் ஏற்றிக்கொண்டது. இரண்டு, கதவு மூடுவதோடு படத்தை முடிப்பது. ஆதியாகமத்தில் அந்தக் கதவை வெளியிலிருந்து மூடுவது கடவுள்தான். மூன்று, வெள்ளம் வடிந்த பிறகு கதையைத் தொடங்குவது. எதை எடுத்தாலும், பார்வையாளரைச் சிரிக்கவைத்த ஒவ்வொருவருக்கும் பேழையில் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

நாற்பது நாளில் இறக்கிவிடுவது

மழை பெய்தது 40 நாள். பேழைக்குள் இருந்ததோ ஒரு வருடத்துக்கும் மேல்: நோவாவின் 600ஆம் வயதில் இரண்டாம் மாதம் 17ஆம் தேதி தொடங்கிய வெள்ளம், மறுவருடம் இரண்டாம் மாதம் 27ஆம் தேதிதான் முழுதும் காய்ந்தது. எட்டுப் பேர், ஒரு கதவு, சாணம் அள்ளும் முறைப்பட்டியல், இரண்டு மருமகள்களுக்கிடையில் ஒரு சண்டை. 2020 ஏப்ரல், மே மாதங்களில் நான்கறை வீட்டுக்குள் அடைபட்டிருந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த நாட்களை இரண்டு நிமிடப் பாட்டில் தள்ளிவிடாதீர்கள்.

படப்பிடிப்பில் கவனிக்க வேண்டியவை கொஞ்சம். மழைக்குப் பின்னாலிருந்து விளக்கு அடிக்காவிட்டால் துளிகள் கேமராவில் தெரியாது. மழையில் பதிவாகும் வசனம் பெரும்பாலும் உதவாது, டப்பிங் செய்ய வேண்டிவரும். அதனால் மழைக் காட்சிக்கு ஐந்து வரிக்கு மேல் வசனம் எழுதாமல், சிரிப்பைச் செய்கையில் வையுங்கள். கடைசியில் வரும் வானவில்லைச் சூரியனோடு ஒரே சட்டகத்தில் வரைவது பரவலான பிழை. வானவில் சூரியனுக்கு நேரெதிரே மட்டுமே தோன்றும். சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறிவிட்டால் தரையில் நிற்பவருக்குத் தெரியாது. நடுப்பகலில் வெயில் உச்சந்தலையில் இறங்கும் சிங்கப்பூரில், அந்தக் காட்சியைக் காலை 9.30 மணிக்கு முன்போ மாலை 4.30 மணிக்குப் பின்போ நடப்பதாக எழுதுங்கள். மாலையென்றால் கேமரா கிழக்கே பார்க்க வேண்டும், நடிகர்களின் முகத்தில் மேற்கு வெயில் விழ வேண்டும்.